பதினெட்டுக் குழிகளும் கருங்கல் குவியல்களும்

என் மனைவியின் அண்ணன் ஜோகன்னஸ்பர்க்கில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அவருக்கு அறுபது வயது நிறைந்தபோது, குடும்பத்தில் எல்லோரும் திருக்கடையூருக்கு ரயிலில் இடம் பிடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தோம். அவரோ தொலைபேசியில், "மாப்பிள்ளை, அபிராமி கோயிலில் ஒரே மண்டபத்தில் எத்தனை மணிவிழா நடக்கிறது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். யார் தலையில் யார் வீட்டுக் கலசத்து நீர் விழுகிறது என்றே தெரியாது. அந்த நெரிசல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்களும் தங்கச்சியும் மொரீஷியஸுக்கு வந்துவிடுங்கள், நாங்கள் இங்கிருந்து வருகிறோம், நான்கு பேர் போதும்" என்று முடித்துவிட்டார். அவர் தேர்ந்தெடுத்திருந்த இடம், தீவின் கிழக்குக் கரையில் கடலை ஒட்டிக் கோல்ஃப் மைதானத்தோடு அமைந்த ஒரு சொகுசு விடுதி. ஐந்து இரவுகள் தங்கினோம். விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. கட்டுரையின் பிற்பகுதியில் அவர்கள் மீது ஒரு குறை சொல்ல இருக்கிறேன்.

மும்பை வழியாகப் போய் இறங்கியபோது கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விமான நிலையத்திலேயே கட்டணமில்லாமல் விசா முத்திரை குத்திவிடுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் அங்கே குளிர்காலம். குளிர் என்றால் நம் ஊர் மார்கழி விடியலைப் போன்ற குளிர்தான்; ஆனால் தென்கிழக்கிலிருந்து நிற்காமல் காற்று வீசிக்கொண்டே இருக்கும். விமான நிலையத்திலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் சாலையின் இருபுறமும் கரும்பு பூத்து நின்றது. சில வயல்களில் வெட்டு தொடங்கியிருந்ததால், கரும்பு ஏற்றிய லாரிகளின் பின்னால் எங்கள் கார் ஊர்ந்தே போயிற்று. அப்போதுதான் வயல்களின் நடுவே, கரும்பின் உயரத்துக்கும் மேலாக, கருங்கற்களை அடுக்கிக் கட்டிய பெரிய பெரிய குவியல்கள் நிற்பதைப் பார்த்தேன். சில வெறும் கற்குவியல்கள். சில படிப்படியாக நேர்த்தியாக அடுக்கப்பட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் சிதைந்த கோயில் ஒன்றின் அடித்தளம் போலத் தெரிந்தன. சமாதிகளா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கல் பொறுக்கிப் போட்டது" என்று மட்டும் சொன்னார்.

விடுதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஈரத்துண்டும் குளிர்பானமும் கொடுத்தார்கள். பெட்டிகள் நாங்கள் கண்ணால் பார்ப்பதற்குள் அறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கூரை வேய்ந்த தனி வீடு, அதன் முன்னே புல்வெளி, அதற்கப்பால் சவுக்கு மரங்கள், பிறகு மணல், பிறகு கடல். லகூன் என்று அவர்கள் சொல்லும் அந்த ஆழமில்லாத காயல் இளம்பச்சையாகத் தொடங்கி, தொலைவில் பவளப்பாறைத் திட்டின் மேல் அலை உடையும் வெள்ளைக் கோட்டில் முடிந்து, அதற்கப்பால் கருநீலமாக மாறுகிறது. பெருங்கடல் அந்தக் கோட்டோடு நின்றுவிடுவதால் கரையில் அலை என்பதே பெயருக்குத்தான். இரவில் படுத்திருக்கும்போது கேட்கும் இரைச்சல் காலடியிலிருந்து வராமல் வெகுதொலைவிலிருந்து, விடிய விடிய ஓடும் நெல் ஆலையின் சத்தம் போல வந்துகொண்டிருந்தது. சொகுசு விடுதிகளைப் பற்றி எழுதும்போது அந்தச் சொகுசு தனக்குப் பிடிக்கவே இல்லை என்று பாவனை செய்வது நம் எழுத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. மெத்தை பிடித்திருந்தது, காலை ஆறு மணிக்கு ஆளில்லாத மணலில் நடப்பது பிடித்திருந்தது, ஐந்து நாள் யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லாமல் இருந்தது எல்லாவற்றையும் விட அதிகமாகப் பிடித்திருந்தது.

எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. மைத்துனரோ அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தவர். சிறிய தீவுக்கு அங்கே கோல்ஃப் மைதானங்கள் அதிகம். மேட்டுநிலத்தில் வக்வா என்னும் ஊரில் உள்ள ஜிம்கானா கிளப், பிரிட்டிஷ் படையினர் காலத்தில் 1844-இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் கடலோரச் சொகுசு மைதானங்கள் பெரும்பாலும் 1990-களுக்குப் பிந்தியவை. ஜெர்மானிய ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த ஈல் ஓ செர் மைதானம் 2003-இலும், தென்னாப்பிரிக்கரான எர்னி எல்ஸ் வடிவமைத்த அனாஹிதா 2008-இலும் திறக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு இறுதியில் தெற்கே பெல் ஓம்ப்ரில் நடந்த மொரீஷியஸ் ஓப்பன் போட்டியில் நம் அர்ஜுன் அத்வால் கடைசி நாள்வரை சமநிலையில் வந்து, கூடுதல் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் டிலன் ஃப்ரிட்டெல்லியிடம் தோற்றார். இதை மைத்துனர் ஐந்து நாளில் மூன்று முறை சொன்னார். யார் பக்கம் நின்று சொல்கிறார் என்பதுதான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மைதானத்தின் புல்லைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெப்பமண்டலக் கடலோர மைதானங்களில் உப்புக்காற்றையும் உப்புநீரையும் தாங்கும் பாஸ்பாலம் என்னும் புல்லைப் பரவலாக நடுகிறார்கள். அந்தப் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடிதான் நம் வரகு. வரகரிசிச் சோற்றின் ஒன்றுவிட்ட பங்காளியை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி, உருளை ஓட்டிச் சமன்செய்து, அதன் மேல் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டி விளையாடுகிறார்கள் என்று மைத்துனரிடம் சொன்னபோது அவர் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஆடத் தெரியாத எனக்கு வண்டி ஓட்டும் வேலை கொடுக்கப்பட்டது. மைதானத்துக்குள் போகும் அந்த மின்வண்டிக்குப் பெயர் பக்கி. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கி அங்கிருந்தவர்களைச் சிரிக்கவைத்தேன். அந்தச் சிரிப்பு முதல் நாள், பந்தைத் தள்ள வேண்டிய பதினெட்டுக் குழிகளில் ஐந்தாவது குழிவரைதான் நீடித்தது. குழி இருக்கும் இடத்தைச் சுற்றிய வழவழப்பான புல்வட்டத்தை க்ரீன் என்கிறார்கள். அதன் மேல் காலணித் தடம்கூட அழுந்தப் பதியக் கூடாது. எனக்கோ அது மற்றப் புல்லைவிட நன்றாக வெட்டிய புல்லாகத் தெரிந்ததே தவிர, தனியான இடம் என்று தெரியவில்லை. மைத்துனர் நடந்து போய்ச் சேர்வதற்குள் அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, கொடி நட்டிருந்த இடத்துக்கே நேராக வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். மைத்துனர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஓடிவந்ததை நான் வெற்றிக் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் வேறொரு வண்டியில் மைதான மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். மார்ஷல் என்று அவரைச் சொல்கிறார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. கறுத்து மெலிந்த உடம்பு. நெற்றியில் மிகச் சிறியதாகத் திருநீற்றுத் தடம். அவர் என்னைத் திட்டவில்லை. மண்டியிட்டு, வண்டிச் சக்கரம் அழுத்திய இரண்டு கோடுகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய கவைக் கருவியை எடுத்து, ஓரத்துப் புல்லை நெம்பி நெம்பி நடுவே சேர்த்துத் தட்டினார். புண்ணுக்கு மருந்து வைப்பது போல இருந்தது. பிறகு, மீதமிருக்கும் நாட்களில் எங்கள் வண்டியைத் தானே ஓட்டுவதாக மிகுந்த மரியாதையோடு அறிவித்தார்.

இப்படித்தான் அவருடைய பழக்கம் கிடைத்தது. அவருடைய பெயர்ப்பட்டையில் இருந்த குடும்பப் பெயரை நான் முதலில் பிரெஞ்சுப் பெயர் என்றே நினைத்தேன். மொரீஷியஸில் நம் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலுக்குள் புகுந்து வேறு உருவம் எடுத்திருக்கின்றன. ஆறுமுகம் அர்மூகோம் ஆகிறது, அருணாசலம் அர்னாசலோன் ஆகிறது. மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் அவரும் நம் பக்கத்துப் பெயர்க்காரர் என்று பிடிபட்டது. அவருக்குத் தமிழ் பேச வராது. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். ஆனால் கோயிலைக் கோவில் என்றே சொல்கிறார். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள் என்பதையும், ஆண்டுதோறும் தான் விரதமிருந்து காவடி எடுப்பதையும், பிரெஞ்சு எழுத்துகளில் எழுதிவைத்த தமிழ்ப் பதிகங்களை வாசித்துப் பாடுவதையும் சொன்னார். பொருள் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஊரில் நமக்கு மட்டும் முழுக்கத் தெரிகிறதா என்ன?

மூன்றாவது நாள், ஆறாவது குழிக்கும் ஏழாவது குழிக்கும் இடையே போய்க்கொண்டிருந்தபோது, மைதானத்தின் ஓரத்தில், வழியில் பார்த்த அதே கருங்கல் குவியல்களைக் கண்டேன். இங்கே அவற்றின் மேல் கொடி படரவிட்டு, அடியில் செம்பருத்தி நட்டு, அழகுப்பொருள் ஆக்கியிருந்தார்கள். "இந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது?" என்று கேட்டதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். கரும்பு, என்றார். "என் தாத்தா கரும்பு வெட்டினார்; அவருடைய அப்பா கல் எடுத்தார்."

மொரீஷியஸ் எரிமலைத் தீவு. ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து எழுந்தது. மண்ணுக்கு மேலும் கீழும் கருங்கல். 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள்; பிரெஞ்சுக்காரர்கள் கரும்பை விரித்தார்கள்; 1810-இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷார் அதைத் தீவு முழுவதும் ஆக்கினார்கள். ஒரு வயலில் கரும்பு நட வேண்டுமானால் முதலில் அதன் கற்களைப் பெயர்த்து எடுத்தாக வேண்டும். அந்தக் கற்களைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போக நேரமில்லாததால் வயலுக்கு நடுவிலேயே குவித்தார்கள். முதலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் மடகாஸ்கர் தீவின் மலகாசியர்களும். 1835-இல் அடிமைமுறை ஒழிந்ததை ஒட்டி, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள். 1834-க்குப் பிறகு வந்த இந்தியக் கூலிகள் நாலரை லட்சத்துக்கும் மேல். பீகாரிலிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்களே பெரும்பான்மை. ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் ஏராளம். அவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் ஆப்ரவாசி காட் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தமிழர்களின் வருகை இதற்கும் மிக முந்தையது. 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். ஆகவே கல்லுக்கும் நம்மவர்களுக்கும் அந்தத் தீவில் இரண்டு விதமான உறவு உண்டு. அடுக்கிக் கட்டியவர்கள் ஒரு வகை, பெயர்த்து எறிந்தவர்கள் இன்னொரு வகை.

கரும்பு எப்படிக் கோல்ஃப் ஆயிற்று என்பதும் எளிய கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இருந்தன, இப்போது மூன்று. ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகளாக மொரீஷியஸ் சர்க்கரைக்கு உலகச் சந்தையைவிட அதிகமான விலை கொடுத்து வந்தது. 2006-இலிருந்து அதைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்து, 2009-இல் பழைய ஏற்பாட்டையே முடித்துக்கொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 2002-இல், வெளிநாட்டவர் குறைந்தது ஐந்து லட்சம் டாலர் கொடுத்துச் சொகுசு வீடு வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் திட்டம் ஒன்றை அரசு கொண்டுவந்திருந்தது. சர்க்கரை எஸ்டேட்டுகளிடம் நிலம் இருந்தது, கடல் இருந்தது, சர்க்கரையில் லாபம் இல்லை. வீட்டு மனைக்கு நடுவில் பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றை வைத்தால் மனையின் விலை ஏறும். மார்ஷல் இதையெல்லாம் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கரும்பு வெட்டுவதைவிட இது நல்ல வேலை என்றார். ஆகஸ்ட் வெயிலில் கரும்புச் சோகை கிழித்த கைகளைத் தன் தாத்தா இரவில் எண்ணெயில் ஊறவைத்துக்கொண்டிருப்பாராம். தன் கையை நீட்டிக் காட்டினார், கோல்ஃப் கையுறை போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. காலை உணவுக்கூடத்தில் ஐரோப்பியப் பண்டங்கள் நீளமாக அணிவகுத்திருக்க, ஒரு மூலையில் உள்ளூர்ச் சமையலுக்கென்று சிறு அடுப்பு போட்டிருந்தார்கள். அங்கே காத்தோ பிமாங் என்ற பெயரில் சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தது நம் பருப்பு வடையேதான். கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். அதை ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துச் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தெளிவான கீரைச்சாறு. என்ன கீரை என்று என் மனைவி கேட்டதற்கு, சமையல்கார அம்மாள் "பிரேத் முரூம்" என்றார். பிரேத் என்றால் அவர்கள் மொழியில் கீரை. முரூம் என்றதும் என் மனைவி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, "முருங்கையா?" என்றாள். அந்த அம்மாள் "முரூம், முரூம்" என்று தலையாட்டினார். பிறகு இருவரும் ஒரு பத்து நிமிடம், பின்னால் வரிசையில் நின்ற பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிய கவலையே இல்லாமல், தாளிப்பில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கறிவேப்பிலை அங்கே காரிபூலே. ரசம் அங்கே ரசோன். கல்யாணத்தில் வாழை இலை போட்டு ஏழு கறி வைப்பார்கள் என்றும், தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றும் அந்த அம்மாள் சொன்னாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. எப்படிப் பேசினாய் என்று நான் கேட்டதற்கு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

அன்று மாலை மார்ஷலுக்குக் கொடுப்பதற்காக நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தபோது அதைக் கவனித்துப் பார்த்தேன். மொரீஷியஸ் பணத்தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழிலும், பிறகு இந்தியிலும் மதிப்பு அச்சாகியிருக்கிறது. நூறு ரூபாய்த் தாளில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், அந்த நாட்டின் தமிழ் அரசியல் தலைவர்களில் ஒருவர். 1998-இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழை மூன்றாவது இடத்துக்கு இறக்கி இந்தியை மேலே வைத்துவிட்டார்கள் என்று பெரிய கிளர்ச்சி எழுந்து, மத்திய வங்கி அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவான ஒரு நாட்டில், தமிழ் எழுத்தின் இடம் ஒரு வரி கீழே போனதற்காக நடந்த போராட்டம் அது. தாளை நீட்டியபோது அவர் வாங்கிக்கொள்ளாமல், தமிழ் வரியின் மேல் விரல் வைத்து, இதை வாசியுங்கள் என்றார். வாசித்தேன். இன்னொரு முறை, என்றார். அதற்குப் பிறகுதான் மடித்துப் பையில் வைத்தார்.

இனி அந்தக் குறை. நாங்கள் இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடற்கரைதான். பொதுக் கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்து, பிரியாணி அண்டாவை இறக்கி, பிற்பகலில் ரவான் என்னும் தோல்மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, சேகா என்னும் நடனம் ஆடுகிறார்கள். பறையைக் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி அப்படியே பழகியது போலிருந்தது. விடுதியிலிருந்து மணலிலேயே அரை மணி நேரம் நடந்தால் அந்த இடம். நான் அங்கிருந்து திரும்பியபோது, பாட்டி, தாய், இரண்டு சிறுவர்கள் என ஒரு குடும்பம் எனக்கு முன்னால் நடந்து வந்து, விடுதிக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு மூன்றடி தள்ளி ஈரமணலில் உட்கார்ந்தது. விடுதிக் காவலர் ஒருவர் வந்து, மரியாதையான குரலில்தான், அவர்களை எழுந்து போகச் சொன்னார். பாட்டிக்கு எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. சிறுவன் ஒருவன் பாதி கட்டிய மணல் வீட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போனான். அதே மணலில், அவர்களுக்குப் பத்தடி தள்ளி, நான் மணிக்கட்டில் விடுதியின் நீலப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சட்டம் அந்தப் பாட்டியின் பக்கம்தான் இருக்கிறது. மொரீஷியஸில் அலை ஏறும் உச்சக் கோட்டுக்குக் கீழே உள்ள மணல் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. அதற்கு மேலே 81.21 மீட்டர் அகலத்துக்கு ஓடும் நிலப்பட்டைக்குப் பா ஜியோமெத்ரிக் என்று பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கரைக்காவலுக்காக ஒதுக்கியது. இன்றும் அரசு நிலம். விடுதிகள் அதைக் குத்தகைக்குத்தான் எடுத்திருக்கின்றன. இருந்தும் நடைமுறையில் சாய்வு நாற்காலிகள் ஒவ்வோர் ஆண்டும் ஓரடி தண்ணீர்ப் பக்கம் நகர்கின்றன என்றும், சவுக்குத் தோப்புகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் போகின்றன என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். நம் கடற்கரையைத் திருடுவதை நிறுத்து என்று பொருள்படும் கிரியோல் வாசகத்தையே பெயராக வைத்துக்கொண்டு ஓர் இயக்கம் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. 2019-இல் அந்தத் தீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ 13.8 லட்சம்; நாட்டின் மொத்த மக்கள்தொகையே 12.6 லட்சத்தை ஒட்டித்தான். விருந்தாளிகள் வீட்டுக்காரர்களைவிட அதிகம். மறுநாள் வரவேற்பறையில் நான் இதைப் பற்றி முறையிட்டபோது, விருந்தினரின் அமைதிக்காகத்தான் அப்படிச் செய்கிறோம் என்று புன்னகையோடு விளக்கினார்கள். என் அமைதி எதனால் கெட்டது என்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை.

படகில் ஏறி மான் தீவு என்று பொருள்படும் ஈல் ஓ செர் தீவுக்கும் ஒரு நாள் போய்வந்தோம். அழகான இடம், மைத்துனர் அங்கே பதினோரு பந்துகளைக் கடலுக்குக் கொடுத்தார். படகோட்டி தென்திசையைக் காட்டி, 2020-இல் வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் மோதி ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கொட்டியபோது, ஊரே திரண்டு கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, அந்த மிதவைகளால் எண்ணெயைத் தடுத்த கதையைச் சொன்னார். தன் கையால் எத்தனை தைத்தேன் என்று கணக்கில்லை என்றார்.

மணிவிழா நாள் நான்காவது நாள். என் மனைவி ஊரிலிருந்து மஞ்சள், குங்குமம், கற்பூரம், இரண்டு வேட்டி, ஒரு பட்டுப்புடவை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். அண்ணனையும் அண்ணியையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, சொம்பு நீர் ஊற்றி, தட்டில் கற்பூரத்தை ஏற்றியதுதான் தாமதம், கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கிவிட்டது. அரை நிமிடத்தில் தீயணைக்கும் உருளையோடு இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். நனைந்த வேட்டியோடு நெற்றியில் குங்குமமாக நின்ற மைத்துனரைப் பார்த்து அவர்களில் ஒருவர் உடனே புரிந்துகொண்டு கைகூப்பினார். மற்றவர் தட்டிலிருந்த கற்பூரத்தின் மேல் ஈரத்துண்டைப் போட்டார். "பாருங்கள் மச்சான், அபிராமி விடமாட்டாள்" என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார், ஆனால் முகத்தில் ஏதோ ஒரு குறை இருந்தது. மீதிக் கற்பூரத்தை என் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கடைசி நாள் நால்வரும் இரண்டு வண்டிகளில் மைதானத்துக்குப் போனோம். பதினான்காவது குழியில் மைத்துனர் அடித்த பந்து காற்றில் வளைந்து, வலப்புறம் இருந்த கற்குவியல் ஒன்றுக்குப் பின்னால் போய் விழுந்தது. தேடிக்கொண்டு போனபோது மார்ஷல் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். குவியலின் மறுபக்கத்தில் ஒரு மரத்தடியில், தாழ்வான சிமெண்ட் மேடையில், ஏழு சிறிய கருங்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் செந்தூரப் பொட்டு. முன்னால் வாடிய செம்பருத்தி. காலிமாய், என்றார் மார்ஷல். கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரர்கள் வேலைக்கு இறங்கும் முன் கும்பிட்ட இடம். பீகாரிலிருந்து வந்தவர்கள் வைத்தது, ஆனால் எல்லோரும்தான் கும்பிட்டார்கள். மைதானம் போடும்போது இதை எடுக்க யாரும் ஒத்துக்கொள்ளாததால் பாதையைச் சற்று வளைத்துக் கொண்டுபோனார்களாம்.

நம் ஊரில் ஆற்றங்கரைகளில் இருக்கும் கன்னிமார் கற்களுக்கும் இதற்கும் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார். பிறகு குனிந்து, முள் பதித்த அந்தக் கோல்ஃப் காலணிகளின் கயிற்றை அவிழ்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருடைய மனைவியும் வந்து பக்கத்தில் நின்றார். என் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கற்பூரத்தை நடுக்கல்லின் முன்னே வைத்தாள். முதல் இரண்டு முறையும் காற்று அணைத்துவிட்டது. மூன்றாவது முறை மார்ஷல் தன் தொப்பியைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு உட்கார, பற்றிக்கொண்டது.

பின்னால் வந்துகொண்டிருந்த ஜெர்மானியத் தம்பதி அடிக்காமல் காத்திருந்தார்கள். பந்து கற்களின் இடுக்கில்தான் கிடந்தது. எடுக்க வேண்டாம் என்று மைத்துனர் கைகாட்டிவிட்டார். வேறொரு பந்தை எடுத்துப் புல்லில் போட்டு, அபராத அடியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அட்டையில் பதினான்காம் குழிக்கு நேரே எட்டு என்று எழுதினார்.